வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் எலும்பா?

மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தவர் ஒருவராவது இல்லாத தெரு எங்கள் சிலிம் ரிவரில் அநேகமாக இருக்காது. முறிவு மோசமாகி எலும்பின் ஒரு பகுதியே இல்லாமல் போனால், நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்புவார்கள். அது போதாதபோது எலும்புக்கு மாற்றான செயற்கைத் துகள்களை வைப்பதும் உண்டு.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று உருவானது. பெயர் 'கிரானுமாஸ்'. சிரிம், மலேசிய அணுசக்தி முகமை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, மலேசியச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து அதைத் தயாரித்தார்கள். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் எலும்பின் கனிமப் பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்ததுதான். சுண்ணாம்புக் கல்லில் கால்சியம் இருக்கிறது. பாஸ்பேட் சேர்த்துப் பக்குவப்படுத்தினால், எலும்பில் உள்ளதைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட் கிடைக்கிறது.

இத்தகைய துகள் வைக்கப்பட்ட எங்கள் பக்கத்து வீட்டு மாமா என்னிடம் கேட்டார்: "எக்ஸ்ரேயில பள்ளம் முழுக்க வெள்ளையா இருக்கும்மா. எலும்பு கூடிருச்சுதானே? ஊன்றுகோலை வெச்சிட்டு வேலைக்குப் போகட்டுமா?" செம்பனைத் தோட்டத்தில் நாள்கூலி அவருக்கு. அவசரம் நியாயமானதே.

சிக்கல் என்னவென்றால், கால்சியம் நிறைந்த துகளும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே பள்ளம் வெள்ளையாக இருக்கும். அதனால் மருத்துவர் வெள்ளையை மட்டும் பார்ப்பதில்லை. துகள்களின் கூர்மையான விளிம்பு மங்குகிறதா, முறிவின் இருபுறத்தையும் புது எலும்பு பாலம்போல் இணைக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிடுகிறார். முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த இரு படங்களில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றாவது இணைந்திருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு.

சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். அது எலும்பை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும். ஆனால் கதிர்வீச்சு அதிகம். உள்ளே உலோகத் தகடு இருந்தால் படத்தில் கோடுகள் விழுந்து மறைக்கும்.

ஆய்வுக்கூடத்தில் 'மைக்ரோ சி.டி.' இருக்கிறது. சில மைக்ரான் அளவு நுணுக்கத்தில், துகளின் துளைகளுக்குள் எலும்பு எவ்வளவு வளர்ந்தது என்று அது அளக்கும். ஆனால் அது சிறிய மாதிரிகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் உரிய கருவி. நம் தொடையை அதில் வைக்க முடியாது. உயிருள்ள எலும்புதானா என்று உறுதி செய்ய, மாதிரியை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் செல்களைப் பார்க்கிறார்கள். ஒரு புதிய துகள் நம் உடலுக்கு வருமுன் இத்தனை கண்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமாவிடம் இதைச் சொல்லி, மருத்துவர் சொல்லும்வரை ஊன்றுகோலை விட வேண்டாம் என்றேன். எலும்பு கூடுமுன் முழு எடையும் ஏறினால், பாரத்தைத் தாங்கும் தகடு நாளடைவில் உடைந்துவிடலாம். பிறகு மறுபடியும் அறுவை சிகிச்சை; இன்னும் பல மாதச் சம்பளம் போகும்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் பழைய படங்களைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். "எலும்பு இருபுறமும் இணைந்துவிட்டதா? எவ்வளவு எடை ஊன்றலாம்?" என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.