இரவிற்கு ஒரு காப்பு

மதீனா நகரில் லபீத் இப்னு அஃஸம் என்பவன், சீப்பையும் அதில் சிக்கிய முடியையும் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குச் சூனியம் செய்து, அவற்றை ஆண் பேரீச்சம் பாளையின் உறையில் பொதிந்து தர்வான் என்னும் கிணற்றில் இட்டான் என்றும், அதனால் செய்யாததைச் செய்ததாக எண்ணும் மயக்கம் நாயகத்திற்குச் சில காலம் நேர்ந்தது என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சூனியத்தின் விசித்திரத்தைக் காட்டிலும், இறைவன் குணமளித்தபின் பழிவாங்கப் புகாமல், ஜனங்களிடையே தீமை கிளம்பலாகாது என்று கருதி, அக்கிணற்றைத் தூர்க்கச் சொன்னதோடு அமைந்த நாயகத்தின் நிதானமே என் சிந்தையை அதிகம் கவர்கிறது.

திருக்குர்ஆனின் 113, 114ஆம் அத்தியாயங்களாகிய ஃபலக், நாஸ் இரண்டும், முடிச்சுகளில் ஊதிச் சூனியம் செய்வோரின் தீங்கினின்றும் பொறாமைக்காரரின் தீங்கினின்றும் உள்ளத்தில் தீய எண்ணம் புகுத்துவோரினின்றும் இறைவனிடம் அடைக்கலம் கோருவன. இவற்றோடு 112ஆம் அத்தியாயமான இக்லாஸையும் ஓதி, ஏந்திய இரு உள்ளங்கைகளிலும் ஊதி, தலையும் முகமும் தொடங்கிச் சரீரத்தில் கையெட்டும் மட்டும் தடவிக்கொள்வதை மும்முறை செய்துவிட்டுத் துயில்வது நாயகத்தின் இரவு வழக்கம். படுக்கைக்குச் செல்லுமுன் ஆயத்துல் குர்ஸி என்னும் திருக்குர்ஆன் வசனத்தை ஓதுவதும் அத்தகைய காப்பே. செலவு ஒரு காசுமில்லை, இடையில் தரகனுமில்லை.

இறைவசனம் மட்டும் எழுதிய தாயத்தை அணியலாமா என்பதில் மார்க்க அறிஞரிடையே பண்டுதொட்டே அபிப்பிராய பேதமுண்டு. ஆனால், சூனியம் எடுப்பதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்போரை அண்டாதிருங்கள். நோய் கண்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். மருந்து செய்துகொள்ளுமாறு நாயகம் அவர்களே பணித்திருக்கிறார்கள்.