மலைச்சாலையில் பழைய கார்

கோட்டயத்திலிருந்து கிழக்கே செல்லும் பெருவழி முண்டக்கயத்தைத் தாண்டியதும் மலைமேல் ஏறத் தொடங்குகிறது. வளஞ்சங்கானம் அருவியைக் கடந்து குட்டிக்கானத்தை அடையும்போது குளிர்ந்த காற்றும் தேயிலைத் தோட்டங்களும் நம்மை எதிர்கொள்கின்றன. பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியாறு, குமுளி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. குமுளியோடு கேரளம் முடிகிறது. அதன்பின் கொண்டைஊசி வளைவுகளின் வழியே லோயர் கேம்ப்பிற்கு இறங்கி, கூடலூர், கம்பம், தேனி என்று கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறோம். கொல்லத்தையும் தேனியையும் இணைக்கும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி இது.

இவ்வழி தமிழர்க்குப் புதியதன்று. தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடக்கமான ஞானப்புலவர் பீர் முகம்மது அப்பா இம்மலையிற் சில காலம் தங்கியிருந்தமையால் பீர்மேடு என்னும் பெயர் வழங்கலாயிற்று என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்கள் தோன்றியபின் தமிழ்த் தொழிலாளர் பலர் இம்மலைக்கு ஏறி வந்தனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது பீர்மேடு கேரளத்தில் நின்றது; எனினும் தேயிலைக் காடுகளில் தமிழ் ஒலிப்பது நிற்கவில்லை. கோட்டயத்திலும் எர்ணாகுளத்திலும் பணிபுரிந்து, பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் தேனிப் பக்கம் ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு இதுவே வழி. அவர்களுள் தந்தையார் வாங்கிய பழைய காரைப் பிரிய மனமின்றிப் பேணி வருவோரும் உண்டு. அத்தகையோர் தம் வண்டியின் ஷாக் அப்சார்பரை மாற்றும் வேளையில் எதனைக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

ஷாக் அப்சார்பர் என்னும் பெயரே நம்மைச் சற்று வழிதவறச் செய்கிறது. குழியில் விழுந்த சக்கரத்தின் அதிர்ச்சியை முதலில் ஏற்பது அதுவன்று, வில்லே ஏற்கிறது. சுருள்வில்லாயினும் பட்டை வில்லாயினும், வண்டியின் பாரத்தைச் சுமப்பதும் மேட்டுக்கு மடங்கிக் கொடுப்பதும் அதன் தொழில். ஆனால் வில்லுக்கு ஒரு குறை உண்டு. தள்ளிவிட்ட ஊஞ்சல் உடனே நில்லாதது போல, ஒருமுறை மடங்கிய வில்லும் பலமுறை மேலும் கீழும் ஆடிய பின்னரே அடங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்கே ஷாக் அப்சார்பர் பொருத்தப்படுகிறது. எண்ணெய் நிறைந்த குழலுக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது; அதன் சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருங்கிப் புகுந்து செல்ல வேண்டியிருப்பதால் வேகம் தணிகிறது. அலுவலகக் கதவு அறைந்து சாத்தாமல் மெல்ல மூடிக்கொள்ளும்படி மேலே ஒரு கருவி வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி எண்ணெயில் சேர்கிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் ஷாக் சுடுவதற்குக் காரணம் இதுவே.

ஆதலின் ஷாக் அப்சார்பர் நம் முதுகிற்காக மட்டும் உள்ளதன்று; டயர் சாலையை விட்டு எழாதிருப்பதற்காக உள்ளது. ஓடும் கார் நிலத்தைத் தொடுவது சக்கரத்திற்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. பிரேக்கின் வன்மையும் ஸ்டியரிங்கின் கட்டளையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியே செல்ல வேண்டும். ஷாக் தளர்ந்துவிட்டால் சக்கரம் துள்ளுகிறது; துள்ளிய கணத்தில் பிடிப்பு இல்லை. சமவெளியில் இது சிறு தொல்லையாகக் கழிந்துவிடலாம். தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, மூடுபனி கவிந்த குமுளி இறக்கத்தில், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கையில், வண்டி நிற்கும் தூரம் சில அடி கூடினாலும் ஆபத்தே. இத்தளர்ச்சி ஒரே நாளில் வருவதன்று. மெல்ல மெல்ல வருவதால் நாள்தோறும் ஓட்டுபவர் அதற்குப் பழகிவிடுகிறார். முதன்முறை ஏறியவர் அஞ்சும் வண்டியை உடையவர் நன்றாகவே இருக்கிறது என்று கூறுவது இதனால்தான்.

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் ஹெரால்டு என்னும் காரை உற்பத்தி செய்தனர். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவியே 1962இல் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டிற்கும் உருவம் வகுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. எனவே ஹெரால்டு வைத்திருப்பவர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பையே வைத்திருக்கிறார் எனலாம். அதன் முன்பக்கத்தில் சுருள்வில்லின் நடுவே ஷாக் அமைந்துள்ளது. பின்பக்கத்தில் குறுக்கே ஒரே பட்டை வில் கிடக்க, இரு அச்சுகளும் நடுவிலிருந்து சிறகுபோல் ஏறி இறங்குகின்றன. வளைவில் இறங்கும்போது திடீரெனப் பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்பகுதி எழும். எழுந்தால் பின்சக்கரங்கள் உள்நோக்கி மடங்கிப் பிடிப்பை இழக்கும். அவ்வெழுச்சியைத் தணிப்பதில் பின்ஷாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1972இல் வெளிவந்த கெஸல் காரில் இச்சிறகு அச்சை நீக்கிவிட்டு நேரான அச்சைப் பொருத்தினர். இன்றும் ஹெரால்டை மலைக்குக் கொண்டு செல்வோர் பின்ஷாக்கின் நிலையை முதலிற் பார்த்தல் நன்று.

1983இல் வந்த மாருதி 800 முதலிய வண்டிகளின் முன்பக்க அமைப்பு வேறு. அங்கே இருப்பது ஸ்ட்ரட். ஃபோர்டு கம்பெனியில் பணியாற்றிய மெக்ஃபர்சன் என்னும் பொறியாளரின் பெயரால் இது வழங்குகிறது. சாதாரண ஷாக், ஆட்டத்தை அடக்குவதோடு நின்றுவிடும்; ஸ்ட்ரட்டோ சக்கரத்தைத் தாங்கி நிறுத்தும் தூணாகவும் விளங்குகிறது. வில் அதன்மேல் அமர்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் உடன் திரும்புகிறது. ஆகவே தேய்ந்த ஸ்ட்ரட் வண்டியைத் துள்ளச் செய்வதோடு சக்கரத்தின் கோணத்தையும் கெடுக்கும். ஷாக் மாற்றுவதற்கும் ஸ்ட்ரட் மாற்றுவதற்கும் செலவிலும் வேலையிலும் வேற்றுமை இருப்பது இதனாலேயே.

மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதை அறியச் சில குறிகள் உள. வண்டியின் ஒரு மூலையை வலிந்து அழுத்தி விட்டால், அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். பலமுறை ஆடினால் ஷாக் தளர்ந்தது. ஆடாதிருந்தால் மட்டும் நல்லது என்று முடிவு செய்தலாகாது. துருவேறி இறுகிய ஷாக்கும் ஆடாது. குழலின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பசை படிந்திருத்தல் பெரிதன்று. சொட்டச் சொட்ட நனைந்திருப்பின் உள்ளேயுள்ள சீல் போய்விட்டது. டயரின் பரப்பில் இடைவெளி விட்டுக் குழிகுழியாகத் தேய்வு காணப்படுவதும், பிரேக் மிதித்ததும் முகப்பு ஆழத் தாழ்வதும் பிற குறிகள். இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ் வெடித்திருந்தால், ஷாக் நன்றாயிருந்தும் பயன் இராது. பழைய வண்டிகளில் பல வேளைகளில் புஷ்ஷை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

புதிது வாங்குமுன் வில்லை அளந்து பார்த்தல் வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தால், தொய்ந்த வில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தொய்ந்த வில்லின்மீது விலையுயர்ந்த ஷாக்கைப் பொருத்துவது, சாய்ந்த சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. வில் முதலில், ஷாக் பின்னர்.

கடையில் கிடைக்கும் ஷாக்குகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, எண்ணெய் மட்டும் கொண்ட இரட்டைக் குழல் வகை. மென்மையானது, விலை குறைந்தது. ஆயின் நெடுநேரம் கடுமையாக உழைத்தால் எண்ணெயில் காற்று கலந்து நுரைத்து வலிமை குன்றும். இரண்டாவது, அதே இரட்டைக் குழலில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு நிரப்பியது. வாயு அழுத்திக்கொண்டிருப்பதால் நுரைப்பது குறைகிறது. மூன்றாவது, பிரான்சு நாட்டுப் பொறியாளர் தெ கார்போன் 1950களில் வகுத்த ஒற்றைக் குழல் வகை. மிகுந்த அழுத்தமுள்ள வாயுவும் எண்ணெயும் ஒரே குழலில், இடையே நகரும் தடுப்புடன் இருக்கும். விரைவில் குளிரும், ஓட்டப் பந்தயத்திற்கு உகந்தது. ஆனால் விலை மிகுதி. கல் தெறித்துக் குழல் நசுங்கினாற்கூடப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். குடும்பத்துடன் மலையேறி இறங்கும் பழைய காருக்கு, அதன் வில்லுக்கும் எடைக்கும் ஏற்றதாகக் கிடைக்குமாயின், இரண்டாம் வகையே தக்கது என்பது நம் கருத்து.

இங்கே வீட்டில் இரு கட்சிகள் எழுவதுண்டு. இளைஞர்கள் வண்டியைத் தாழ்த்தி, இறுகிய ஷாக் பொருத்திப் பந்தயக் காரைப்போல் ஆக்க விரும்புவர். முதியோர் தொட்டில்போல் ஆடும் மென்மையை விரும்புவர். இரண்டும் மலைச்சாலைக்கு ஒவ்வா. வழுவழுப்பான பந்தயத் தளத்திற்கென வகுத்த இறுக்கம், மழையில் பெயர்ந்த தார்ச்சாலையில் சக்கரத்தைத் துள்ளவே செய்யும். அதனோடு வண்டியைத் தாழ்த்தினால் வில்லுக்குரிய இடம் குறைந்து, ஷாக் அடிமுட்டிப் பழுதாகும். மிகு மென்மையோ வளைவுதோறும் வண்டியைச் சாய்க்கும். பின்னிருக்கையில் குழந்தைகளுக்குக் குமட்டல் வருவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். வண்டியைக் கட்டியவர் குறித்த அளவை ஒட்டி, சற்றே உறுதியானதைக் கொள்வது நடுவழி.

வாங்கும்போது முழுதும் நீட்டிய நீளம், முழுதும் மடக்கிய நீளம், இருமுனைப் பொருத்து ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். ஓர் அச்சின் இருபுறமும் ஒருங்கே மாற்றுதல் கட்டாயம். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பல்லாண்டு கிடங்கில் கிடந்த பழைய சரக்கு, பெட்டி பிரிக்காததாயினும், உள்ளே சீல் இறுகிப் போயிருக்கக்கூடும். மூடிய குழலை அறுத்து, என்ஜின் ஆயிலை ஊற்றி, மீண்டும் பற்றவைத்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. பணம் சிக்கனமாகும், ஆனால் துளைகளின் அளவும் எண்ணெயின் நெகிழ்ச்சியும் ஒன்றற்கொன்று கணக்கிட்டு வைக்கப்பட்டவை ஆதலால், எதற்கோ செய்த எண்ணெய் இதற்கு உதவாது. எம்.ஜி. முதலிய சில பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் உள்ள நெம்புகோல் வகை ஷாக்குகளோ திருத்தி அமைக்கத்தக்கவை. அவற்றை அத்தொழில் அறிந்தவரிடம் ஒப்படைத்தல் நலம்.

பொருத்தும் வேலையிலும் கவனம் தேவை. இரட்டைக் குழல் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, சிலமுறை நீட்டி மடக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பின்னரே பூட்ட வேண்டும். புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் நிலையிலேயே இறுதியாக முறுக்க வேண்டும்; தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்பொழுதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். ஸ்ட்ரட்டாயின் அதன் மேல்முனைத் தாங்கியையும் தூசுறையையும் உடன் மாற்றி, பின் சக்கரக் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல்நட்டை, வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி இன்றி ஒருபோதும் கழற்றலாகாது. அழுந்திய வில் விடுபட்டுப் பாய்ந்தால் உயிரைப் பறிக்கும். இது வீட்டு முற்றத்தில் செய்து பார்க்கத்தக்க வேலையன்று.

பழைய காரில் பணம் செலவிடும்போது கண்ணுக்குத் தெரிவதற்கே நாம் முதலிடம் தருகிறோம். புது வர்ணம் பூசுகிறோம். இருக்கைக்குப் புதுத் துணி போடுகிறோம். அடியில் மறைந்திருக்கும் நான்கு குழல்களை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப் போடுகிறோம். குமுளி இறக்கத்தில் மழை பெய்யும்போது வர்ணம் நமக்குத் துணை வாராது. ஆதலின் ஊர்ப் பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னரே நம்பகமான பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பக்கத்தை நாமே ஒருமுறை குனிந்து பார்ப்போமாக. தந்தை விட்டுச் சென்ற காருக்கு நாம் செய்யும் மரியாதையும், பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமையும் அதுவே.