பாண்டோ

பாண்டோ என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாநிலத்தில், ஃபிஷ்லேக் தேசிய வனத்தில் அமைந்துள்ள நடுங்கும் ஆஸ்பென் மரத்தொகுதி ஆகும். சுமார் 43 எக்டேர் பரப்பில் ஏறத்தாழ 47,000 மரங்களாகக் காட்சியளிக்கும் இது, உண்மையில் ஒரே வேர்த் தொகுதியிலிருந்து முளைத்த ஒரே உயிரினம் ஆகும். இதன் எடை சுமார் 6,000 டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. இலத்தீன் மொழியில் பாண்டோ என்பதற்கு "நான் பரவுகிறேன்" என்று பொருள்.

வளரும் முறை

ஆஸ்பென் மரங்கள் விதையால் மட்டுமன்றி, வேரிலிருந்து எழும் கன்றுகளாலும் பெருகுகின்றன. ஒரு தண்டு ஏறத்தாழ 100 முதல் 130 ஆண்டுகளில் மடியும். வேர் புதிய கன்றுகளை அனுப்பித் தொடர்ந்து வாழும். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் சிறு காற்றிலும் இலைகள் நடுங்குகின்றன. பெயர்க்காரணம் இதுவே.

இலையுதிர்காலம்

செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இலைகளிலுள்ள பச்சையம் சிதைய, முன்பே அங்கிருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளிப்பட்டு இலைகள் பொன்மஞ்சளாகின்றன. ஒரே மரபணுவைக் கொண்ட தண்டுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறம் மாறும். ஆகவே ஒரு மலைச்சரிவில் எந்த மரங்கள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்பதை இப்பருவத்தில் கண்ணாலேயே ஊகிக்கலாம். இவ்வழகைக் காணப் பலர் இங்கு முகாமிடுகின்றனர். டாக்டர் கிரீக் முகாம் திடல் பாண்டோவின் எல்லைக்குள்ளேயே உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இப்பருவத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே செல்வதுண்டு.

அச்சுறுத்தல்கள்

முதிய மரங்கள் மடியும் வேகத்திற்கு ஈடாக இளங்கன்றுகள் வளரவில்லை என்பதே பாண்டோவின் முதன்மைச் சிக்கல். மான்களும் கால்நடைகளும் கன்றுகளை மேய்ந்துவிடுவது இதற்கு முக்கியக் காரணம் என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனைத் தடுக்கச் சில பகுதிகளில் வேலி அமைக்கப்பட்டுள்ளது. செம்மையான வேலியிட்ட இடங்களில் கன்றுகள் மீண்டும் தழைத்துள்ளன. மான்கள் நுழைய முடிந்த இடங்களில் அவ்வாறு நிகழவில்லை.

முகாமிடுவோராலும் தீங்கு நேரலாம். ஆஸ்பெனின் பட்டை மெல்லியது. அதில் பெயர் செதுக்கினால் காயத்தின் வழியே பூஞ்சை நோய் புகுந்து அத்தண்டைக் கொல்லக்கூடும். நோயுற்ற மரங்கள் திடீரென விழக்கூடும் என்பதால் அவற்றின் கீழ் கூடாரம் அமைப்பது ஆபத்தானது. கன்றுகளை மிதிக்காமல் இருப்பதும் இன்றியமையாதது. வேர் பன்னெடுங்காலம் வாழ்ந்திருப்பினும், இத்தொகுதியின் எதிர்காலம் அக்கன்றுகளையே சார்ந்துள்ளது.