கால் நேராச்சு... படிக்கட்டு?

'ஆபரேஷன் பண்ணா குழந்தை நடந்துடுமா?' ஸ்பைனா பைஃபிடான்னு சொன்னதும் நாம கேட்கிற முதல் கேள்வி இதுதானே பாஸ்?

கரு உருவான முதல் 28 நாளுக்குள் மூட வேண்டிய முதுகுத்தண்டு சரியாக மூடாமல் நின்றுவிடுவதுதான் ஸ்பைனா பைஃபிடா. அங்கே பழுதான நரம்பை எலும்பு ஆபரேஷன் மீட்டுத் தராது. அப்புறம் ஆர்த்தோ டாக்டருக்கு என்ன வேலை? வளைந்த பாதத்தைத் தரையில் தட்டையாகப் பதிய வைப்பது! இறுகிய தசைநாணை வெட்டிவிடுவார். வளர்ந்த பிள்ளை என்றால் எலும்பையே வெட்டித் திருப்புவார். பாதம் பதிஞ்சாதான் கேலிப்பர் பொருந்தும். உணர்ச்சி குறைந்த காலில் ஒரே ஓரத்தில் எடை விழுந்தால் புண்ணாகும்; வலிக்காததால் தெரியவும் தெரியாது.

சிலர் கேலிப்பரோடு நடப்பாங்க; சிலருக்கு வீல் சேர்தான் வேகம். எதில் போனாலும் கிளாஸுக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்!

அதுக்கு டாக்டர் மட்டும் போதாது. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவுப் பாதை... சிவில் பசங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தடையில்லாத கட்டடம் வேணும்னு சொல்லுது. உங்க டிபார்ட்மென்ட் வாசல்ல எத்தனை படி? நாளைக்கு எண்ணிப் பாருங்க!