காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வீட்டில் கார் இருந்தால் அதிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதன் பெயர் இசியு. மானிட்டர், கீபோர்டு எதுவும் கிடையாது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிறீர்கள். ஏறத்தாழ 45 கிலோமீட்டர். முன்னால் போகும் பஸ்ஸை முந்த, டாப் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். பெட்ரோலின் ஆக்டேன் எண் போதாவிட்டால், ஸ்பார்க் பிளக் பற்ற வைத்த தீ பரவி முடிவதற்குள் மீதிப் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். டொக் டொக் என்று சத்தம் கேட்கும். இதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டன் கெடும்.

பழைய கார்களில் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைப்பார். இப்போது பல கார்களில் அதை இசியு கவனிக்கிறது.

இன்புட்: என்ஜினில் பொருத்திய நாக் சென்ஸார் அதிர்வை மின் சிக்னலாக்கும்.

பிராசஸ்: அது நாக்கிங்தானா என்று புரோகிராம் சோதிக்கும்.

அவுட்புட்: ஸ்பார்க் சில டிகிரி தாமதமாகும். சத்தம் நின்றதும் படிப்படியாகப் பழைய நிலைக்கு வரும்.

என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒரு டிகிரி என்பது நொடியில் 18,000ல் ஒரு பங்குதான்!

ஸ்பார்க் தாமதமானால் என்ஜின் தப்பும். ஆனால் இழுவையும் மைலேஜும் குறையும். அதற்காக எல்லோரும் பிரீமியம் பெட்ரோல் போட வேண்டுமா? 2020ல் வந்த பிஎஸ்-6 விதியில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91, பிரீமியத்துக்கு 95 என்று இருந்தது. 91க்கென்றே வடிவமைத்த என்ஜினுக்கு 95 போட்டால் பெரிய லாபமில்லை. மேனுவலைப் பாருங்கள். அதில் சொன்ன பெட்ரோல் போட்டும் சத்தம் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.