படிப்பு ஏறாத பிள்ளை சோம்பேறிப் பிள்ளையா?



இந்த மாதம் காய்ச்சலைப் பற்றியோ சர்க்கரை வியாதியைப் பற்றியோ எழுதப் போவதில்லை. நம் லயத்து வீடுகளில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்கும் ஒரு சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். "எத்தனை தடவை சொல்றது? இது என்ன எழுத்து? சொல்லு!" அதற்குப் பிறகு ஓர் அடி. அதற்குப் பிறகு அழுகை.

கம்போங் குவாந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த சங்கதி இது. ஒரு தாய் முதலாம் ஆண்டு படிக்கும் மகனை என்னிடம் கூட்டி வந்தார். "ஐயா, இவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது, ஒரு டானிக் கொடுங்க" என்றார். நானும் பூச்சி மருந்தும் சத்து மருந்தும் கொடுத்து, "போகப் போகச் சரியாயிடும்மா" என்று அனுப்பிவிட்டேன். அது நான் செய்த தப்பு. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகப் போனது.

மறு வருஷம் அதே பையன் வயிற்று வலி என்று அடிக்கடி வந்தான். வயிற்றில் ஒன்றும் இல்லை. பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். வந்ததெல்லாம் பள்ளி நாள் காலை. பள்ளி விடுமுறையில் ஒரு நாள்கூட வலி இல்லை! காலில் பிரம்புத் தழும்பு. மருந்துப் புட்டியைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, தம்பி?" என்றேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் மின்மினி உட்காரும் மரம் எது என்று கேட்டால் "பெரெம்பாங்" என்கிறான். பார்த்த படத்தின் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்கிறான். இவனா மண்டு?

பேச்சு பிள்ளைக்குத் தானாக வரும். படிப்பு அப்படியல்ல. கண் எழுத்தைப் பார்க்க வேண்டும், மூளை அதை ஒலியாக மாற்ற வேண்டும், ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்க வேண்டும், பிறகு பொருள் விளங்க வேண்டும். இதில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் பிள்ளை திணறும். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் பிறவியிலேயே வரும் சிரமத்துக்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயர். 1896-ஆம் ஆண்டு பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருந்தும் படிக்க மட்டும் முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். ஆகவே இது புது வியாதியும் அல்ல, யாரும் வைத்த செய்வினையும் அல்ல. குடும்பத்தில் பரம்பரையாகவும் வருவதுண்டு. "எனக்கும் சின்ன வயசுல படிப்பு ஏறல" என்று சொல்லும் அப்பாமார் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் தமிழில் 247 எழுத்து. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, வாயோ 'க்' ஒலியைத்தான் முதலில் சொல்கிறது. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ல, ள, ழ என்று மூன்று. ஒரே 'க' எழுத்து கல், தங்கம், மகன் என்று மூன்று விதமாக ஒலிக்கிறது. இதோடு மலாயும் ஆங்கிலமும் வேறு எழுத்தில். ஆறு, ஏழு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும் அது நீடித்தால்தான் கவனிக்க வேண்டும்.

எல்லாமே டிஸ்லெக்சியா என்றும் நினைத்துவிடாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்:

காது: சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டினால் பிள்ளைக்கு ஒலி மங்கலாகக் கேட்கும். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? காதில் சீழ் வந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். கிளினிக்குக் கொண்டு வாருங்கள்.

கண்: கரும்பலகை தெரியாத பிள்ளை எப்படி எழுதும்?

இரத்தம்: கீழ் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தச் சோகை இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது. கொக்கிப்புழு காலில் செருப்பில்லாமல் நடப்பதால் ஏறுகிறது.

வெறித்த பார்வை: பேசிக்கொண்டே இருக்கும்போது சில விநாடி நின்று, கூப்பிட்டாலும் கேட்காமல் வெறித்துப் பார்த்தால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அந்தப் பையனுக்கு இவையெல்லாம் சரியாகவே இருந்தன. கடிதம் எழுதி அரசாங்கக் கிளினிக்குக்கும் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிப் பிள்ளை டாக்டரிடமும் அனுப்பினோம். டிஸ்லெக்சியா என்று சொன்னார்கள். இதற்கு மருந்து இல்லை. மூளை டானிக் என்று விற்பதற்குக் காசைக் கொட்டாதீர்கள். சொல்லிக் கொடுக்கும் முறைதான் மருந்து.

வீட்டில் செய்ய வேண்டியது:

தினமும் 15 நிமிடம் போதும். வேலை விட்டு அலுத்து வந்து கோபத்தோடு உட்காராதீர்கள். முதலில் காதுக்குப் பழக்கம்: 'ம-ர-ம்' என்று கைதட்டிப் பிரித்துச் சொல்லட்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்து மட்டும். தட்டில் மாவைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த அக்காவோ அண்ணனோ கதை படித்துக் காட்டட்டும். ஒரு சிறு நோட்டில், இன்று எத்தனை எழுத்துத் தெரிந்தது என்று குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்து இதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

அந்தத் தாய் அப்படித்தான் குறித்து வைத்தார். க முதல் ன வரை 18 எழுத்தில், தொடங்கிய நாளில் பையனுக்குத் தெரிந்தது 7. மூன்று மாதத்தில் 13. இடையில் இரண்டு வாரம் ஏறவே இல்லை, ஒன்று மறந்தும் போனது. அதுவும் சகஜம், பயப்படக் கூடாது.

பள்ளியில் ஆசிரியரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள்: எல்லார் முன்னாலும் எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம், எழுத அதிக நேரம் கொடுங்கள் என்று. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப் பள்ளியிலும் இல்லை. எங்கே இருக்கிறது என்று தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி இலாகாவிலும் கேளுங்கள். டாக்டர் உறுதி செய்தால், 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுக்கலாம். "பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்களே" என்று சிலர் தயங்குகிறார்கள். மண்டு என்று ஊரே குத்தும் முத்திரையைவிட அது மோசமா? உதவி கேட்க அந்த அட்டை ஒரு சாவி. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடமோ தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ வாருங்கள்.

2003-ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்வி இந்நாட்டில் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. படிக்கத் தெரியாமல் வெளியே வருகிற பிள்ளை நாளைக்குச் சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் மருந்துச் சீட்டையும் யாரிடம் நீட்டும்?

அந்தப் பையன் இப்போது மூன்றாம் ஆண்டு. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான், மற்றவர்கள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் இவன் மூன்று வரி. போன மாதம் தங்கைக்குக் காய்ச்சல் என்று அம்மாவோடு வந்தான். மருந்துப் புட்டியை வாங்கி, விரல் வைத்து, "ஒரு... நா...ளை...க்கு மூ...ன்று வே...ளை" என்று படித்தான். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயிற்று வலி என்று அவன் வந்து வெகு நாளாகிவிட்டது.

பிரம்பைக் கீழே போடுங்கள். பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.