கொல்லையில் கிடக்கும் அப்பாவின் பழைய புல்லட்: எடைக்கு போடும் முன் இதை படியுங்க!

திண்டுக்கல்,

திண்டுக்கல் டவுனில் மாடிப்படிக்கு அடியிலும், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் சாக்கு போர்த்திய பழைய புல்லட்டுகள் இன்னும் நிற்கின்றன. அப்பா அந்த வண்டியில்தான் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு போயிருப்பார். அம்மாவை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போனதும் அதில்தான் இருக்கும். அவர் போன பிறகு கிக்கரை மிதிக்க ஆள் இல்லை. வண்டி துருப்பிடித்து நிற்கிறது. பழைய இரும்பு வியாபாரி வாசலில் நின்று, "கிலோ கணக்குல எடுத்துக்கிறேன்" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்க. இந்த வண்டிகளில் பலவற்றை வீட்டு வாசலிலேயே ஓட வைத்துவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் ஸ்பேனரை எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேப்பர். அடுத்து பிரேக், டயர். அதன் பிறகுதான் என்ஜின். இந்த வரிசை மாறினால் காசும் போகும், வண்டியும் போகும்.

நம்ம ஊரு வண்டி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனியுடன் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோர்த்து 1955-ல் என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் தயாரானது. இங்கிலாந்து கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 1994-ல் ஐச்சர் குழுமத்தின் கைக்கு போனது. பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின் 2010 வாக்கில்தான் நிறுத்தப்பட்டது.

50 வருஷத்துக்கு மேல் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் வந்ததால், பழைய 350 சி.சி. புல்லட்டுக்கு இன்றைக்கும் சாமான் தேடிப் பிடிக்க முடியும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு சரி செய்யலாம்.

முதல் வேலை ஆர்.சி. புக்

சொந்த உபயோக வண்டிக்கு பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதன் பிறகு வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டை தாண்டிய இருசக்கர வாகனத்துக்கு இந்த கட்டணம் 2025 ஆகஸ்டில் 2 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஜி.எஸ்.டி., பசுமை வரி தனி. தாமதத்துக்கும் கூடுதல் கட்டணம் சேரலாம்.

வண்டி இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. மோட்டார் வாகன சட்டப்படி, இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்து 3 மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் தாண்டிப் போயிருந்தாலும் இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழோடு அலுவலகத்தில் நேரில் போய் விசாரிப்பதே நல்லது. வண்டிக்கு செலவு செய்த பிறகு பேப்பர் நடக்காது என்று தெரிந்தால் போட்ட பணம் வீண்.

பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினால் முதல் முறை 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதைவிட பெரிய ஆபத்து இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது. யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும். வீட்டு பத்திரம் வரைக்கும் போய்விடும்.

'விண்டேஜ்' ஆசை வேண்டாம்

50 ஆண்டுக்கு மேல் பழமையான, ஒரிஜினல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டு வந்தது. அதில் பதிவு செய்தால் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப்பதிவுக்கு கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 ஆண்டு செல்லும்.

கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அந்த வண்டியை கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இதுபோன்ற காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் வேலைக்கோ, மார்க்கெட்டுக்கோ போக முடியாது. ஓட்டுவதற்காக வண்டியை தேற்றுபவர்களுக்கு சாதாரண புதுப்பிப்புதான் சரி.

சேஸ் நம்பர் பத்திரம்

பெயிண்ட் அடிக்க வண்டியை கொடுக்கும் முன் சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் செல்போனில் போட்டோ எடுங்கள். ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டு பாருங்கள். துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டர் போட்டு சேஸ் நம்பரை தேய்த்துவிட்டால் கதை முடிந்தது. நம்பர் தெரியாத வண்டி சோதனையில் தேறாது, திருட்டு வண்டி என்ற சந்தேகமும் வரும். அந்த இடத்தில் டேப் ஒட்டி, "இதை மட்டும் தொடாதீங்கண்ணே" என்று பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். கலரை மாற்றினாலும், என்ஜினை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

மிதிக்காதீங்க, முதலில் உருட்டுங்க

பல வருஷம் நின்ற வண்டியை பார்த்ததும் கிக்கரில் ஏறி குதிப்பார்கள். பிஸ்டன் இறுகி இருந்தால் கிக்கர் பல்தான் உடையும்.

பிளக்கை கழற்றி அந்த ஓட்டை வழியாக ரெண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து பாருங்கள். அசைந்தால் நல்ல சேதி. அசையாவிட்டால் மறுபடியும் ஆயில் விட்டு காத்திருங்கள்.

புல்லட்டில் என்ஜின் ஆயில் தனி அறையில் இருக்கும். நீண்ட நாள் நின்றால் அது மெல்ல கசிந்து கிராங்க் கேசுக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப்புகை கிளம்பும், ஆயில் வெளியே கக்கும். எனவே கீழே உள்ள போல்ட்டுகளை கழற்றி பழைய ஆயிலை முழுக்க வடித்து, பில்டரை சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றுங்கள். கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கம் உள்ள செயின் கேஸ் ரெண்டுக்கும் தனித்தனி ஆயில் என்பதை மறக்க வேண்டாம்.

நெருப்பு, பெட்ரோல், அமுக்கம்

என்ஜின் ஓட மூன்று விஷயம் வேண்டும். சரியான நேரத்தில் நெருப்பு, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், நல்ல கம்ப்ரஷன். இதை ஒவ்வொன்றாக பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றையும் திருகினால் எது சரியானது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

நெருப்பு: முதலில் பேட்டரி. பழைய புல்லட்டுகள் 6 வோல்ட், பிந்தையவை 12 வோல்ட். பல்பை பார்த்து உறுதி செய்துவிட்டு பேட்டரி வாங்குங்கள். அடுத்து பாயிண்ட். என்ஜினின் வலது பக்கம், சிலிண்டருக்கு பின்னால் உள்ள மூடியை திறந்தால் தெரியும். கருத்துப் போயிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக தேயுங்கள். பாயிண்ட் முழுக்க திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பீலர் கேஜ் வைத்து பாருங்கள், கண் மதிப்பு உதவாது.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர் நம்மது. அரம் ஒரு இழுப்பு கூடினால் சாவி திரும்பாது என்று பூட்டு பட்டறைக்காரர்களுக்கு தெரியும். பாயிண்ட் கதையும் அதேதான்.

பெட்ரோல்: பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். டேங்கை கழற்றி மிச்சத்தை வடியுங்கள். உள்ளே துரு இருந்தால் தண்ணீரில் கழுவி வினிகர் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். பிறகு சோடா உப்பு கலந்த தண்ணீரில் அலசி வெயிலில் நன்றாக காய வையுங்கள். கார்புரேட்டரை பிரித்து ஜெட் ஓட்டைகளை காற்று அடித்து சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டு குத்தினால் ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோல் குடிக்கும்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை கெடுக்கும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்களை புதிதாக போட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

அமுக்கம்: பிளக்கை மாட்டி கிக்கர் மேல் மெல்ல எடையை வையுங்கள். நல்ல என்ஜின் காலை தாங்கி பிடிக்கும். பொசுக்கென்று இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம், டீகம்ப்ரசர் கசியலாம். போர் போடுவது, வால்வு உட்கார வைப்பது லேத் பட்டறை வேலை. அதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.

கால் உடையாமல் ஸ்டார்ட் செய்வது எப்படி?

சாவியை போட்டு கிக்கரை மெல்ல அமுக்குங்கள். ஹெட்லைட் மேல் உள்ள ஆம்பியர் மீட்டர் முள்ளை கவனியுங்கள். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இப்போது டீகம்ப்ரசரை பிடித்து கிக்கரை துளி கீழே தள்ளி, டீகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு மூச்சாக ஒரே மிதி. அரை மிதி கூடாது.

கிக்கர் திருப்பி அடித்தால் பெரும்பாலும் டைமிங் ரொம்ப முன்னால் இருக்கிறது என்று பொருள். கணுக்கால் உடையும் அளவுக்கு அடிக்கும். டைமிங்கை சரி செய்யாமல் மறுபடி மிதிக்காதீர்கள். ஷூ இல்லாமல் மிதிப்பதும் வேண்டாம்.

டியூனிங் செய்வது

டேப்பெட்டை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் 'டக் டக்' சத்தம். ரொம்ப இறுகினால் வால்வு கருகும்.

அடுத்து வண்டியை பத்து நிமிஷம் ஓடவிட்டு சூடாக்குங்கள். வெட்டவெளியில் செய்ய வேண்டும். மூடிய அறையில் புகை ஆளை கொல்லும். ஏர் ஸ்குரூவை லேசாக முழுக்க உள்ளே திருகி, ஒன்றரை சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக இப்படியும் அப்படியும் திருப்பி, என்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடில் ஸ்குரூவை குறையுங்கள்.

சில கிலோமீட்டர் ஓட்டி பிளக்கை கழற்றி நிறத்தை பாருங்கள். காபி கலர் இருந்தால் சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. வெளுத்த பிளக்கோடு ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

'படபட' சைலென்சர் உஷார்

சத்தத்துக்காக சைலென்சரை மாற்றினால் மோட்டார் வாகன சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரெண்டும் கிடைக்கும். பழைய புல்லட்டின் சத்தமே போதும்.

நிற்குமா என்று பாருங்க

ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் நேராக சிறுமலைக்கோ, கொடைக்கானலுக்கோ ஏற்றிவிட வேண்டாம். ஏறிவிடும், இறங்கும்போதுதான் தெரியும். டிரம்மை திறந்து பிரேக் ஷூவை பாருங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள். டயரில் பட்டன் இருந்தாலும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். டயரில் உள்ள 4 இலக்க எண்தான் அதன் பிறந்தநாள். 2419 என்றால் 2019-ம் ஆண்டு 24-வது வாரம்.

இன்னொரு விஷயம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இப்போதைய வண்டி ஓட்டி பழகிய தம்பிமார்கள் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து விடுவார்கள். கால் பழகும் வரை ஆள் இல்லாத மைதானத்தில் ஓட்டுங்கள். புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு விரட்டாதீர்கள்.

பிரேக் பிடித்து, பேப்பர் கைக்கு வந்து, இன்சூரன்சும் போட்ட பிறகு வண்டியை ரோட்டுக்கு எடுங்கள். அப்பா ஓட்டிய வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். எடைக்கு போட்டுவிட்டால் கையில் வரும் காசு நாலு நாளில் தீர்ந்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.